அனந்தகிருஷ்ணனின் முதல் நக்கோ

மெட்டுகுடா அனந்தகிருஷ்ணனிடம் யார் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது 'ஹவ்'தான். ஹைதராபாத்தில் 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். 'வேண்டாம், முடியாது' என்பதற்கு 'நக்கோ' என்றொரு சொல்லும் அந்த ஊரில் தாராளமாகப் புழங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. ஊரின் சொற்களையெல்லாம் வாரிக்கொண்ட அந்தக் குடும்பத்தில், இவர் வாயில் மட்டும் நக்கோ ஏறவே இல்லை.

"பொண்ணு பாக்க வந்தப்ப, காபியில சர்க்கரை போதுமான்னு எங்கப்பா கேட்டாரு. ஹவ்னாரு. பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டாரு. அதுக்கும் ஹவ்னாரு. உள்ள வந்து பாத்தா, காபியில சர்க்கரையே போடல" என்பாள் அவர் மனைவி வசந்தகுமாரி. "அப்ப ரெண்டாவது ஹவ்வை மட்டும் எப்படி நம்பறது?"

அவர் பார்த்த தொழில்களும் இப்படி வந்தவைதான். கொசுவலை அடிக்கத் தெரியுமா? ஹவ். வால்பேப்பர் ஒட்டுவீர்களா? ஹவ். சொல்லிவிட்டு, ராவோடு ராவாகக் கற்றுக்கொண்டு வந்து நிற்பார். கை சுத்தம், அதனால் பிழைத்தார். கடைசியாக வந்து சேர்ந்தது பிளாஸ்டிக் புல். மொட்டை மாடி, பால்கனி, பள்ளிக்கூட மைதானம் என்று எங்கே விரித்தாலும் ஒட்டு தெரியாது.

அப்படித்தான் ஏ.எஸ்.ராவ் நகர் கனகவல்லி அம்மாள் அவரைக் கூப்பிட்டார். கணவர் சீனிவாசன் ஓய்வு பெற்ற இன்ஜினியர். பல வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது. ஒருமுறை செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் காய்கறிக் கடைவரை போய் வந்தவர். தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லப்போய், வீட்டின் பின்புறம் மார்பளவு ஆழத்தில் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டினார்கள். கட்டிய வாரமே குளத்தோரக் கல் அவர் குதிகாலைக் கிழித்தது. ரத்தத்தை அம்மாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"குளத்தச் சுத்தி மெத்துனு இருக்கணும், அவ்வளவுதான். இவருக்குக் கால்ல ஒரு புண் வந்துடுத்துன்னா ஆறாது" என்றார் அம்மாள். "வெயில்ல சுடுமா?"

நியாயமாக அங்கேதான் அனந்தகிருஷ்ணன் யோசித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் அந்த அம்மாளின் முகத்தில் கவலையைப் பார்த்ததும், அதைப் போக்கிவிட வேண்டும் என்று அவர் வாய் முந்திக்கொண்டது.

"சே சே, சுடாதும்மா. குளுகுளுன்னு இருக்கும்."

"வெறுங்காலோட நடக்கலாமா?"

"ஹவ்."

வேலையில் குறை சொல்ல முடியாது. மண்ணைச் சமன் செய்து, ஜல்லித்தூள் போட்டு இறுக்கி, புல் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி விரித்து ஒட்டினார். சாயங்காலம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளுகுளுவென்றுதான் இருந்தது. எந்தப் புல்தான் சாயங்காலத்தில் சுடும்?

சித்திரையில் ஒரு நாள் குளத்துக்கு வருண பூஜை வைத்தார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து வாத்தியார் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் உச்சிவேளை. பூஜை ஆயிற்றே, செருப்பெல்லாம் வாசலில். பந்தலுக்குள் இருந்தவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கலசத் தண்ணீரைக் குளத்தில் விட எல்லோரும் வெயிலுக்கு வந்தார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! மந்திரம் பாதியில் நிற்க, வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார். பட்டுப்புடவை மாமிகள் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார்கள். யாரோ ஒருவர் வாழை இலையைப் போட்டு அதன் மேல் ஏறிக்கொண்டார். அனந்தகிருஷ்ணனும் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்.

குதிக்காதவர் ஒருவர்தான். புல்லின் நடுவே சீனிவாசன் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் எல்லாரும் ஓடறேள்? பிரமாதமா இருக்கே! அனந்தகிருஷ்ணன் சொன்னா சொன்னதுதான். குளுகுளுன்னு இருக்கு, இல்லையா அனந்தகிருஷ்ணன்?"

 இவ்வளவு வருஷத் தொழிலில் அனந்தகிருஷ்ணனை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை. அந்த மனிதரோ பதிலுக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பாதம் வெந்துகொண்டிருக்கிறது.

"நக்கோ சார்! நக்கோ!" என்று அலறிக்கொண்டே ஓடிப்போய் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். இருவரும் தொப்பென்று குளத்தில் விழுந்தார்கள்.

நல்லவேளை, பாதம் சிவந்ததோடு சரி, கொப்பளிக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட நின்ற அனந்தகிருஷ்ணனிடம் கனகவல்லி அம்மாள் வந்தார். 

"சுடாதுன்னு சொன்னேளே."

"தப்பு சொன்னேம்மா. சுடும்னு தெரியும். நீங்க கவலையா கேட்டீங்க, அதச் சொல்ல வாய் வரல." வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

மறுவாரம் குளத்தைச் சுற்றி நிழல்வலை கட்டினார். புல்லை நனைக்கக் குழாயும் போட்டார். அம்மாள் ஒரு மதியம் முழுக்க நின்று பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "இப்பதான் சுடலையே. இவர் வெறுங்காலோட நடக்கலாமா?"

"ஹ..." என்று வந்ததை அனந்தகிருஷ்ணன் விழுங்கினார். "நக்கோம்மா. என்னிக்கும் செருப்போடதான்."

அம்மாள் உள்ளே போய்க் கணவரின் வார்ச்செருப்பை எடுத்து வந்து குளத்தோரம் வைத்தார்.

அன்று வீட்டில் வசந்தகுமாரி காபியை நீட்டி, வழக்கம்போல, "சர்க்கரை போதுமா?" என்றாள்.

ஒரு வாய் குடித்தார். "இந்தக் காபி நக்கோ. சர்க்கரை போதல."

வசந்தகுமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தவள், போடாமல் கரண்டியோடு நின்றாள்.

"சரி, பொண்ணு புடிச்சிருக்கா?"

"ஹவ்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

இவ்வளவு வருஷம் கழித்து, வசந்தகுமாரி அதை நம்பினாள்.