நாற்பத்தெட்டுப் பேருக்கான அறை

என் மகனின் முதல் பிறந்தநாளன்று, பலூன் கட்டுவதற்கு முன்பாக, மண்டபத்துத் தரையில் நான் ஓர் அறையின் அளவைக் குறித்தேன். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். அலங்காரத்துக்கு வாங்கிய காகித நாடாவைத்தான் ஒட்டினேன். தீவில், ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அத்தனை பெரிய வெறுந்தரை கிடையாது. மண்டபத்தில் இருந்தது. விருந்தினர் வர இன்னும் இரண்டு மணி நேரமும் இருந்தது. பதினொன்றரைக்கு என்று அழைப்பிதழில் போட்டால் எங்கள் ஆட்கள் ஒரு மணிக்குத்தான் வருவார்கள்.

அது, உரிய தாள் இல்லாத வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் ஒரு குடிநுழைவுத் தடுப்பு முகாமின் அறை. எந்த முகாம் என்று சொல்ல மாட்டேன். நான் அங்கே போனதுமில்லை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்பு வரைபடம் போடுவது எங்கள் தொழில். பழைய சரக்கறை ஒன்றை ஆட்கள் தங்கும் அறையாக மாற்றும் ஒரு குத்தகைக்காரர் அந்த வரைபடத்தைக் கேட்டிருந்தார். ஒரே கதவு. கம்பி போட்ட இரண்டு சன்னல்கள். வரைபடத்தின் மூலையில், எத்தனை பேர் என்று எழுத வேண்டிய கட்டத்தில், அவரே பென்சிலால் நாற்பத்தெட்டு என்று எழுதி அனுப்பியிருந்தார்.

நான் கணக்குப் போட்டேன். ஒருவர் படுக்க ஆறடிக்கு இரண்டடி. இருபது பேர் வந்தது. மறுபடி போட்டேன். இருபது. அதன் பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகிறது. தூக்கம் போதாத மூளை. பால் புட்டியைக் குளிர்பெட்டிக்குப் பதிலாக அலமாரியில் வைத்தவள் நான். நாற்பத்தெட்டு என்று ஒரு பெரிய மனிதர் எழுதியிருக்கும்போது தவறு என் பக்கம்தான் இருக்கும்.

முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அவங்க நம்பர் குடுத்துட்டாங்கம்மா. நாம கதவும் தீயணைப்பானும் காட்டுனா போதும். திங்கட்கிழமை அனுப்பிடு."

தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் போகும். திங்கட்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. அதனால்தான் பிறந்தநாள் மண்டபத்தில் முழங்காலிட்டு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டு உரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

உரிக்க நேரம் கிடைக்கவில்லை. கேக்கில் மகன் பெயரின் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது. மகன் காகிதக் கிரீடத்தை மென்று பாதி தின்றுவிட்டான். ஒரு மணிக்கு எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அவர்களில் என் முதலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மரியாதைக்கு அழைத்திருந்தேன், வரமாட்டார் என்ற நம்பிக்கையில். குழந்தைகளுக்கு வித்தை காட்ட வேண்டியவர் மட்டும் வரவில்லை. பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை என்று செய்தி அனுப்பினார்.

அப்போதுதான் என் கணவரின் அக்கா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பாலர்பள்ளி ஆசிரியை. ஒலிவாங்கி கையில் இருந்தால் அவருக்கு எல்லோருமே ஐந்து வயதுக்காரர்கள்.

"ஏய், தரையில என்னா கட்டம் போட்டிருக்க? விளையாட்டா?"

"இல்ல அண்ணி, அது ஆபீஸ் வேலை, உரிச்சிடுறேன்..."

"ஆபீஸ் வேலையா? பிறந்தநாள்லயா? என்னா வேலை?"

பொய் சொல்ல எனக்கு வராது. அதிலும் அண்ணியிடம் வராது. "இதுக்குள்ள நாப்பத்தெட்டுப் பேர் அடங்குவாங்களான்னு பாக்கணும்" என்று முணுமுணுத்தேன்.

அவர் முகம் குத்துவிளக்கு ஏற்றியது போல மலர்ந்தது. ஒலிவாங்கியில் அறிவித்தார்: "எல்லாரும் கட்டத்துக்குள்ள வாங்க! நாப்பத்தெட்டுப் பேர்! கோட்டுக்கு வெளிய கால் வச்சா அவுட்! ஜெயிச்சா பிஸ்கட் டின்!"

நான் தடுக்கப் போனேன். அதற்குள் பதினைந்து பேர் உள்ளே போய்விட்டார்கள். பிஸ்கட் டின்னுக்கு இத்தனை மதிப்பு என்று எனக்குத் தெரியாது. மாமனார் என் மகனைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார். புடவை முந்தானைகளைச் செருகிக்கொண்டு சித்திகள் வந்தார்கள். அண்ணி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தாறில் நின்றது. புகைப்படக்காரரை இழுத்தார். நாற்பத்தெட்டாவதாக, தட்டில் தோசையோடு ஓரமாக நின்ற என் முதலாளியை.

"அங்கிள், வாங்க! தட்டோட வாங்க, போலே, முடியும்!"

அவர் தட்டோடு வந்தார்.

நாற்பத்தெட்டுப் பேரும் அடங்கிவிட்டார்கள். நெருக்கம்தான், ஆனால் யாரும் கோட்டை மிதிக்கவில்லை. கைதட்டல். மாமனார் மேலே கையை ஆட்டினார். எனக்குக் காது சூடானது. பார்த்தாயா, உன் கணக்குதான் தப்பு. நல்லவேளை, முதலாளியிடம் பெரிதாக வாதாடவில்லை. நாளைக்குப் பென்சிலை அழித்துவிட்டு நாற்பத்தெட்டை மையில் எழுதிவிடலாம். மனம் லேசாகிக்கூடப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அக்கா, இது எதுக்குக்கா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. உணவு கொண்டுவந்தவர்களோடு வந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தவர். சிவகங்கைப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும்.

அவரிடம் ரகசியமாகச் சொன்னேன். முகாம், அறை, நாற்பத்தெட்டு.

அவர் தோசைக் கரண்டியைப் பிடித்தபடி கட்டத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நின்னுக்கிட்டே தூங்குவாங்களாக்கா? படுக்கச் சொல்லுங்க."

"உங்களுக்கு..."

"நானும் முகாம்ல இருந்திருக்கேங்க. ஏஜென்ட் பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டுக் கம்பி நீட்டிட்டான். எங்க சாப்பாட்டுக் கடை முதலாளிதான் பேப்பரெல்லாம் காட்டி வெளிய எடுத்தாரு." தொடர்வண்டியைத் தவறவிட்ட கதையைச் சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். "படுக்கச் சொல்லுங்க, வேடிக்கையைப் பாருங்க."

எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவரே அண்ணியிடம் போய்ச் சொன்னார். அண்ணிக்கு அதைவிட என்ன வேண்டும்? "ரெண்டாவது ரவுண்டு! எல்லாரும் படுங்க!"

அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் விலா வலிக்கிறது. இருபத்திரண்டு பேர் படுத்ததும் தரை தீர்ந்துவிட்டது. அதில் நான்கு பேர் பிள்ளைகள். மிச்சம் இருபத்தாறு பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். பட்டுப் புடவைக்காரர்கள் சுவரே இல்லாத இடத்தில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒரு மாமாவின் கால் இன்னொரு மாமாவின் மூக்கருகே இருந்தது.

"மச்சான், காலைக் கழுவுனியா?"

"உன் வீட்டுக் கல்யாணத்துல கழுவுனது."

தோசைக்காரர் கட்டத்தின் தலைமாட்டில் நின்று வகுப்பெடுத்தார். "மல்லாக்கப் படுக்கக் கூடாது மாமா. ஒருக்களிச்சு. எல்லாரும் ஒரே பக்கம். ஒருத்தர் தலைமாட்டுல அடுத்தவர் கால். ஒருத்தர் திரும்பணும்னா எல்லாரும் திரும்பணும். எங்க வரிசைக்கு ஒரு பெரியவர் இருந்தாரு, அவர்தான் குரல் குடுப்பாரு. திரும்பு!"

இருபத்திரண்டு பேரும் திரும்பினார்கள். நடுவில் இருந்த மாமா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். வரிசையே சரிந்து, சிரிப்பில் யாருக்கும் மூச்சு வரவில்லை. என் முதலாளி கண்ணாடியைக் கழற்றி உயரே பிடித்துக்கொண்டு, "என்னை எழுப்பி விடுங்கலா!" என்று கத்தினார். நான் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, குனிந்து சிரித்தேன். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு எது பயம், எது சந்தோஷம் என்று பிரிக்க முடியவில்லை.

"அப்ப நிக்கிறவங்க?" என்று தோசைக்காரரிடம் கேட்டேன்.

"அவங்க குந்திக்கிட்டு இருப்பாங்க. அப்பறம் மாத்திக்குவோம்."

அதற்குள் யாரோ கேக் என்று கத்திவிட்டார்கள். பிள்ளைகள் எழுந்து நாடாவைத் தாண்டி நாலாபக்கமும் ஓடினார்கள்.

தோசைக்காரர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "செவுத்துக்குள்ள பூந்து போறாங்கக்கா. கதவு எங்க?"

கதவை நான் குறிக்கவே இல்லை.

இரண்டு நாற்காலிகளைக் குட்டையான பக்கத்தில், மூன்றடி இடைவெளி விட்டு வைத்தேன். பிறந்தநாள் வாழ்த்து எழுதிய பெரிய அட்டைப் பலகையை என் கணவர் கதவாகப் பிடித்துக்கொண்டார். வெளியில் நின்று உள்ளே தள்ளித் திறக்க வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணி மறுபடி எல்லோரையும் உள்ளே அடைத்தார். "தீ! தீ! கதவு வழியாத்தான் வரணும்! முதல்ல வர்றவங்களுக்குக் கேக்!"

நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்தார்கள்.

கணவர் தள்ளினார். பலகை வளைந்தது, திறக்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் போனால்தான் அது திறக்கும். பின்னால் இருந்தவர்களோ கேக்குக்காக முன்னால் தள்ளினார்கள். எல்லோரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். "பின்னால போங்க! பின்னால!" என்று நான் கத்தினேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. நடுவில், மாமனாரின் தோளுக்கு மேல், தின்று மிச்சமான கிரீடம் தெரிந்தது. என் மகன் அதைப் போட்டுக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவே ஏழெட்டு ஆட்கள்தான். நான் கையை நீட்டினேன். எட்டவில்லை.

நாடாவைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் அவனை வாங்கிக்கொண்டேன். அது வெறும் காகித நாடா. அதை மிதித்து நின்றபடி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவுட்! அம்மா அவுட்!" என்றார் அண்ணி.

முதலாளி பலகையோடு கன்னம் அழுந்தி நின்றுகொண்டிருந்தார். அந்த நிலையிலேயே என்னைப் பார்த்தார். "ஏம்மா. இது இருபதுக்குப் பன்னிரண்டா?"

"ஆமா பாஸ்."

"உள்பக்கம் திறக்குற கதவா?"

"ஆமா பாஸ். சாரி பாஸ்."

அவர் பலகையை விட்டு விலகினார். கேக் சாப்பிட்டார், வாழ்த்தினார், போய்விட்டார். என் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, விருந்தினருக்குச் சோறு கட்டிக் கொடுக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, அக்கரைக்கு வேலைக்குப் போகும் படகில் கடலைப் பார்த்தபடி கணக்கை மீண்டும் போட்டேன். இருபது தப்புதான். கதவு திரும்பும் கால் வட்டத்தை வரைபடத்தில் நானே வளைத்து வரைந்திருந்தேன். அந்த வட்டம் விழும் பக்கத்திலும் நான்கு பேரைப் படுக்க வைத்திருந்தேன். கதவுக்கு முன்னால் அறையின் அகலம் முழுக்க நான்கடி விட்டால் பதினாறு. கூட்டிப் போட்டிருப்பேனோ, குறைத்துப் போட்டிருப்பேனோ என்று ஒரு வாரம் தவித்தவள், கூட்டித்தான் போட்டிருந்தேன்.

பதினாறு என்று எழுதி முதலாளியின் மேசையில் வைத்தேன். கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றி வரைந்திருந்தேன். நேற்றுப் படுத்ததில் அவருக்குக் கழுத்துப் பிடித்திருந்தது. முழு உடம்போடு திரும்பித்தான் தொலைபேசியை எடுத்தார். குத்தகைக்காரரை அழைத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"பதினாறா? அண்ணே, என்னா விளையாடுறீங்களா?"

"விளையாடித்தான் பாத்தேன்யா. படுத்தே பாத்துட்டேன். எழுந்திரிக்க முடியல."

"கதவைத் திருப்பிடலாம், அது ஒரு நாள் வேலை. நம்பரை எப்படி மாத்துறது? மிச்சம் முப்பத்திரெண்டு பேரை எங்க வைக்கிறது? உங்க ஆபீஸ்லயா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அலுவலகத் தொலைபேசியில் நான் வணக்கம் தவிர எதுவும் பேசியவள் இல்லை.

"அண்ணே, அது எனக்குத் தெரியல" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "ஆனா இந்த ரூம்ல இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் குரல் போகாமல் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். முதலாளி என் விரலைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் வந்துவிட்டது. மறுமுனையில் குத்தகைக்காரர், "ஹலோ? ஹலோ? லைன் கட்டா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில், "சரி, அனுப்புங்க, மேல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மேலே என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வேறு யாரிடமாவது வேறு வரைபடம் வாங்கிக்கொள்ளவும் கூடும். அந்த முப்பத்திரண்டு பேர் அன்றைக்கு எங்கே படுத்திருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பேரைப் போட்டுட்டியா?" என்றார் முதலாளி.

"போட்டுட்டேன் பாஸ். இன்னொரு தடவை செக் பண்ணிட்டு..."

"அனுப்பும்மா."

மூன்று தடவை சரிபார்த்தேன். பதினாறு. அனுப்பினேன்.