பொன்செல்வியின் மாஸ்க்

நம்பாதவர்கள் என் மனைவி பொன்செல்வியிடமே கேட்டுக்கொள்ளலாம். ஐந்தருவியில் துண்டும் எண்ணெயும் விற்கிறவன் நான். கதை கட்டத் தெரியாது.

அவளுக்குக் கழுத்துப் பக்கம் முதுகெலும்பில் கட்டி. சென்னையில் புரோட்டான் கதிர் சிகிச்சை. கதிர் சரியாகக் கட்டியில் போய் நின்றுவிட வேண்டும். தாண்டினால் தண்டுவடம் போய்விடும். அவள் துளியும் அசையக் கூடாது என்று, முகம் முதல் தோள்வரை ஒரு பிளாஸ்டிக் வலை மாஸ்க்கைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். சுடுதண்ணீரில் இளக்கி, முகத்திலேயே அழுத்திச் செய்தது.

சிகிச்சை முடிந்து குற்றாலம் வந்தோம். பையைப் பிரித்தால் அடியில் மாஸ்க். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அலமாரிமேல் வைத்தேன்.

மறுநாள் அதன் வாய்ப்பக்கம் ஈரம். சாரல்தான் என்று துடைத்தேன். விரலில் நூல் நூலாக இழுத்தது. எச்சில். புளித்த வாடை.

"ஏட்டி, இதை எடுத்துப் போட்டுப் பாத்தியா?"

"அதைப் பாத்தாலே ஓங்கரிக்குது. நான் ஏன் தொடுதேன்?"

நான் நம்பவில்லை. கதிரால் தொண்டை புண்ணாகி, அவள் கிண்ணத்தில் துப்பிக்கொண்டேதான் இருந்தாள். அவள்மேலேயே அருவருப்பு வந்தது. அவள் தம்ளரைத் தனியாக வைத்தேன். பார்த்தாள்.

அடுத்த நாள் வாய்ப்பக்கம் மஞ்சளாகக் கோழை. அதில் சோற்றுப் பருக்கைகள்...

அவள் கஞ்சித்தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறாள்.

மதியம் மூன்று மணி. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீரில் போட்டால் தட்டையாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வாளியில் கொதிநீர் ஊற்றிப் போட்டேன்.

மாஸ்க் கண்ணாடி மாதிரி தெளிந்து இளகியது.

தட்டையாகவில்லை.

கன்னம் உப்பியது. ஒட்டியது.

க்ளக்...

தண்ணீரை விழுங்குகிறது.

இடுக்கியால் தூக்கினேன். வழுக்கிக் கையில் விழுந்தது. கொழகொழவென்று... உதடு என் கட்டைவிரலைக் கவ்வியது.

சப்பியது...

"என்னங்க!"

பொன்செல்வி வாசலில். அவளும் பார்த்தாள். உதறினேன். வாளியிலேயே விழுந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். அவள்தான் தட்டைப் போட்டு வாளியை மூடி, என்னை வெளியே இழுத்துவந்தாள்.

தென்காசியில் அவள் தங்கை வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து ஜுஹைனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டிவிடுகிற கடையநல்லூர்ப் பெண்.

"அக்கா மாஸ்க் இங்கனதானே இருக்கு அண்ணாச்சி? நாங்க குடுக்கலையே."

"அப்ப இது?"

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தித் தடம் இருக்கா?"

"இருந்துச்சு" என்றாள் பொன்செல்வி.

"போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. மூக்குத்தி கழட்ட வரல. மாஸ்க் இறுகுதப்ப வாந்தி வந்து, மூச்சடைச்சு, மேசையிலயே போயிட்டாங்க. ரெண்டா வெட்டித்தான் முகத்துல இருந்து எடுத்தோம். அதை அவங்க வீட்டுல உடம்போடயே வச்சு எரிச்சிட்டாங்க, அண்ணாச்சி."