அண்ணாவின் பிரேக்கில் பிழை இல்லை

உறவுகளே, நண்பர்களே,

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரது நல்ல குணங்களை மட்டும் எழுதும்படி அண்ணி கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தார். போர்க்காலத்தில் இலண்டன் வந்து, பிளேஸ்டோவில் குடியேறி, ஒரு மருத்துவமனைச் சமையலறையில் கடைசிவரை வேலை செய்தார். என்னை இங்கே அழைத்துப் படிப்பித்தவரும் அவரே. தனக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான்.

ஒருமுறை, பழுதுபார்த்த கடையில் முன் பிரேக்கின் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். வீடு வரும் வழியில் அண்ணா அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பிரேக்கைத் தானே பார்ப்பதென்று முடிவெடுத்தார். ஆனால் உடனே கழற்றத் தொடங்கவில்லை. முதலில் அதற்கான கையேட்டைத் தேடினார்.

பல வண்டிகளுக்கும் பொதுவான கையேடு ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். அண்ணா பிரேக் பகுதியை மட்டும் திறந்து, வண்டியருகே குந்தியிருந்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது எங்கட வண்டி இல்லை, தங்கச்சி."

"கிட்டத்தட்ட ஒண்டுதானே அண்ணா?"

"பிரேக் கிட்டத்தட்டப் பிடிச்சாக் காணுமோ?"

அடுத்து வாங்கியது அதே மாடலுக்கானது, ஆனால் பிந்திய ஆண்டு. அதையும் திருப்பி அனுப்பினார். வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனமே அந்த ஆண்டு வண்டிக்கு வெளியிட்ட கையேட்டைத் தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்.

சென்ற ஆண்டு ஒரு காலை, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகையில், எதிரே வந்த வான் வண்டி ஒன்று அவருக்குக் குறுக்கே திரும்பியது. ஆம்புலன்ஸ் வருமுன் அண்ணாவின் உயிர் பிரிந்தது.

செத்தவீட்டில், அண்ணிக்குக் கேட்கும் தூரத்தில் நின்று நம் உறவினர் ஒருவர் சொன்னார்: "வீட்டில கழட்டிப் பூட்டின வண்டி. பிரேக் பிடிச்சிருக்காது."

அந்தக் கதை வட இலண்டனில் எட்மண்டன் வரை போனது. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். "அண்ணா கடையில குடுத்திருக்கலாமே அண்ணி" என்று நானும் ஒருநாள் கேட்டேன். அண்ணி உள்ளே போய் அந்தக் கையேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரேக் பகுதியின் ஓரமெங்கும் அண்ணாவின் கையெழுத்து. எந்த நாளில் எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்கினார், எப்போது பிரேக் எண்ணெய் மாற்றினார், எல்லாம் இருந்தன.

அதைப் பொலிசாரிடம் கொடுத்தேன். வண்டியைப் பரிசோதித்த அதிகாரியின் அறிக்கை வந்தது. இரண்டு பிரேக்குகளும் ஒழுங்காக இருந்தன. அண்ணா பிரேக் பிடித்திருக்கிறார். நிற்க வான் இடம் விடவில்லை. வான் சாரதி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்த உறவினரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"சனம் கதைச்சதைத்தானே பிள்ளை நானும் சொன்னனான்" என்றார்.

சனம் என்பது யார்? இந்த மலரை வாங்கிய நாம்தான்.

விபத்தன்று வீதியில் முழங்காலிட்டு அண்ணாவின் கையைக் கடைசிவரை பிடித்திருந்த, பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு எங்கள் நன்றி. மாதக்கணக்கில் செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த நண்பர் குடும்பத்துக்கும் நன்றி.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணாவின் பிரேக் பிடிக்கவில்லை என்று எந்தெந்த வீட்டில் சொன்னீர்களோ, அந்தந்த வீட்டுக்குப் போய், பிடித்தது என்று சொல்லுங்கள். அதன் பிறகு அண்ணியைப் பார்க்க வாருங்கள்.

தங்கை