அப்பாசாமியின் வெண்கலம்

பர்மாவில் அலோன் மரக்கிடங்கில் அப்பாசாமியைத் தெரியாதவர் கிடையாது. ஆற்றில் மிதந்து வரும் தேக்குக் கட்டைகளைக் கொக்கிக் கழியால் கரைக்கு இழுப்பது அவர் வேலை. முப்பது வருஷம் இழுத்தார். அறுபது வயதிலும் முதுகு வளையவில்லை. நான் அடுத்த அறைக்காரி, கமலாட்சி. எங்கள் இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் வடிவேல் நித்தமும் சொல்லுவார். பொய்யில்லை. அந்த வாயால் ஒரு நல்ல குடித்தனத்தைக் கெடுத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் சம்சாரம் மா மியா, பர்மாக்காரி. சுருட்டுச் சுற்றி விற்பாள். பிள்ளைகுட்டி இல்லை. அவள் ஙப்பி என்கிற நாறும் மீன் விழுதைக் கிளறினால் இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார். பிறகு அதையே தொட்டுக்கொண்டு இரண்டாம் முறை சோறு கேட்பார். அவள் தமிழில் ஏசுவாள், இவர் பர்மியத்தில் பதில் சொல்லுவார். நாள் முழுக்க இந்தக் கூத்துதான். அடி அம்மா, எத்தனை சிரித்திருக்கிறேன்!

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவள் சிரிக்க மாட்டாள். அன்றைக்குப் புங்கிகளுக்கு, அதாவது புத்த சாமியார்களுக்கு, சோறு போடுவாள். அவள் பிறந்த ஊர் வடக்கே தபியேகோன். மாந்தலே ராஜாவைப் பிடித்துக்கொண்டு போன மறுவருஷம் இங்கிலீஷ் பட்டாளம் அந்த ஊரைக் கொளுத்திவிட்டது. அவளுக்கு அப்போது பத்து வயது. எருமை மேய்க்கப் போயிருந்தாள். அவள் அம்மா பிள்ளை பெற்று நாலே நாள். பிள்ளை பெற்றவளை மூடிய அறையில் கணப்போரம் கிடத்துவார்கள். ஏழு நாள் எழுந்திருக்கக் கூடாது. ஊரே காட்டுக்குள் ஓடியபோது அவளைத் தூக்கிப் போக ஆள் இல்லை. மியா திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை, பெயர் வைக்காத தம்பியும் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாசாமி எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவார். பெண்டாட்டி அழுவதைப் பார்க்கப் பொறுக்காத மனுஷன் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் மழைக்கு முன்னால் கூரை மாற்றினோம். மியா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பாசாமி பழைய ஓலையைப் பிடுங்கும்போது கந்தல் முடிச்சு ஒன்று என் காலடியில் விழுந்தது. பிரித்தேன். உள்ளே வெண்கல மெடல். ஒரு பக்கம் ராணி முகம். விளிம்பைச் சுற்றிப் பொடிப் பொடியாக எழுத்து. மனுஷன் ஏணியிலிருந்து குதித்தே விட்டார்.

"மியாகிட்ட சொல்லிடாதம்மா. அவளுக்குத் தெரிஞ்சா என்கூட இருக்க மாட்டா."

"என்ன மாமா இது? எங்கேயாவது திருடினீங்களா?"

"திருடியிருந்தாத் தேவலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது வயதில் மதராஸ் பட்டாளத்தோடு கப்பலேறியவர் அவர். சிப்பாய் இல்லை, அடிபட்டவர்களைத் தூக்கும் டோலி ஆள்.

"எல்லாம் இந்தக் கட்டையால வந்ததும்மா. வெள்ளைக்காரக் கம்பெனி வடக்குக் காட்டுல தேக்கு வெட்டிச்சு. சொன்னதுக்கு மேல வெட்டிட்டான்னு ராஜா தெண்டம் போட்டாரு. பிரெஞ்சுக்காரன் வேற ராஜாவோட சிநேகம் பிடிக்கிறான்னு இங்கிலீஷ்காரனுக்கு வயித்தெரிச்சல். சாக்குக் கிடைச்சுது, பட்டாளத்த ஏத்திட்டான். பதினஞ்சே நாள் சண்டை. ராஜாவ மாட்டு வண்டியில வச்சு ஆத்துக்குக் கொண்டு போனதக் கண்ணால பாத்தேன். முடிஞ்சுது, ஊருக்குப் போகலாம்னு இருந்தோம். அதுக்கப்புறந்தான் ஆரம்பிச்சுது. ராஜா போனத ஜனங்க ஒத்துக்கல. எதுத்தவனுக்கெல்லாம் கொள்ளைக்காரன்னு பேரு வச்சு, அவன் ஊரையே கொளுத்தினாங்க."

"தபியேகோனுக்கும் போனீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓலையில தீ வச்ச கையில என் கையும் ஒண்ணு. கட்டி ஒரு வருஷம் கழிச்சுத்தான் அவ ஊர் பேரச் சொன்னா. அன்னிலேருந்து வாயத் தொறக்கல."

துப்பாக்கி தூக்கினவனுக்கு வெள்ளி மெடல், டோலி தூக்கினவனுக்கு வெண்கலமாம். ஏன் இதைத் தூக்கி எறியவில்லை என்று கேட்டேன். "ஓரத்துல என் பேரு இருக்கும்மா. என் பேர வேற யாரும் எதுலயும் எழுதினதில்ல" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அடுத்த பௌர்ணமிக்குப் புங்கி மடத்தில் பெரிய மணி வார்க்கப் போகிறார்கள். பெண்கள் வளையலும் தோடுமாகக் கழற்றி உலையில் போடுவார்கள். "சாமி காரியத்துக்குப் போகட்டும் மாமா. உண்டியல்ல போடற மாதிரி சத்தமில்லாம போட்டுட்டு வாங்க. உருகிப் போச்சுன்னா பேரும் இல்ல, பாவமும் இல்ல" என்றேன். பத்தடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதில் வீசுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நம் கோவில் உண்டியலில் யார் எதைப் போட்டார்கள் என்று எவன் கேட்கிறான்? வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பர்மாக்காரர்கள் வழக்கம் நேர் எதிர். கொடுத்தவர் பெயரையும் பொருளையும் உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் "தாடு, தாடு, தாடு" என்று மூன்று தரம் வாழ்த்தினால்தான் அந்தப் புண்ணியம் அவர்களுக்கும் சேரும். முப்பது வருஷம் பர்மாக்காரியோடு குடித்தனம் செய்தவர் அவர். புங்கி மடத்துப் படி ஏற வெட்கப்பட்டே அதைத் தெரிந்துகொள்ளாமல் போனார்.

பௌர்ணமியன்று காலை உலை ஊதிக்கொண்டிருந்தது. பித்தளைத் தட்டில் குவிந்த நகைகளுக்கு அடியில் அவர் அதைச் செருகிவிட்டு வந்ததைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு தின்கன்ஜூனிலிருந்து வந்த பர்மா வாத்தியார் மேடையேறினார். தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொன்னார். தோடு ஒரு ஜோடி, தாடு. வெள்ளிக் கிண்ணம், தாடு. அடுத்து மெடலைத் தூக்கினார். கண்ணாடியை ஏற்றி விளிம்பைப் படித்தார்.

"அப்பாசாமி. இங்கிலீஷ் பட்டாளத்து டோலி ஆள். பர்மா யுத்தம், எண்பத்தைந்து முதல் எண்பத்தேழு வரை."

கூட்டம் ஒரு கணம் அடங்கியது. நாலு பேர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் புண்ணியம் புண்ணியம்தானே, "தாடு" என்றார்கள். என் பக்கத்தில் மியாவும் கைகூப்பி மூன்று தரம் சொன்னாள். அவள் குரல் பிசிறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"தபியேகோன் வந்தியா?"

"வந்தேன்."

"நெருப்பு வச்சியா?"

"வச்சேன்."

"உள்ள ஆள் இருக்கு, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லு மனுஷா, சொல்லித் தொலை என்று நான் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"கொழந்தை அழுதது கேட்டுச்சு" என்றார் அப்பாசாமி. "துரை போகலாம்னாரு. டோலி தூக்கற நாங்க நாலு பேரும் சும்மா நின்னோம். டோலி காலியாத்தான் இருந்துச்சு."

இதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. மியா கத்தவில்லை. மறுநாள் தலையை மழித்துக்கொண்டு, அந்த மடத்தை அடுத்திருந்த பெண் துறவிகள் இடத்துக்குப் போய்விட்டாள்.

நான் விடுவேனா? போய் அவள் காலைப் பிடித்தேன். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கக்கா. சண்டை இழுத்தவன் எவனோ, மரம் வித்துப் பணக்காரனானவன் எவனோ. இவரு வெறும் கூலி."

"அம்புக்குக் காது இருந்துச்சே, கமலாட்சி" என்றாள்.

அப்பாசாமி இன்னும் இரண்டு வருஷம் கட்டை இழுத்தார். தினமும் காலையில் மடத்து மணி அடிக்கும். மரக்கிடங்கில் பர்மா ஆட்கள் வேலையை நிறுத்தி "தாடு" என்பார்கள். இவர் மட்டும் கழியைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்து நிற்பார். வீட்டில் ஙப்பி வாசனை இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று ஒரு நாள் என்னிடம் சொல்லி அழுதார். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இருபத்தெட்டாம் வருஷம் அடைமழையில் அவருக்கு வாந்திபேதி கண்டது. ஆஸ்பத்திரி இரண்டு மைல். அந்த வியாதி என்றதும் ஜட்கா வண்டிக்காரன் ஓடிவிட்டான். கிடங்கு ஆட்கள் கிட்டே வரப் பயந்தார்கள். வடிவேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? இரண்டு நாள் பாயிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்.

சேதி சொன்னதும் மியா வந்தாள், மழித்த தலையும் ரோஜா நிற அங்கியுமாக. தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகல?"

"தூக்க ஆள் வரலக்கா."

"நாலு பேர் கூடவா இல்ல?" என்று கேட்டாள். "ஒரு டோலி கூடவா கிடைக்கல?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அவள் அழுகை வரிசைக் குடிசை முழுக்கக் கேட்டது.