தீயைப் பார்க்க நல்ல இடம்

பூங்கா வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, ஒலிபெருக்கியில் அறிவிப்பும் செய்யும் அந்த அம்மாளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் ரேடியோ. அவர் கணவரைக் கேட்டால், வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பார். இரண்டும் உண்மை. ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு வாய் வேலை நேரத்தில்தான் திறந்து பழக்கம்.

பக்கத்து மலையில் காட்டுத்தீ பிடித்த காலையில், மேலாளர் முதல் காரியமாக வாசலைச் சாத்தி, ‘தீ. யாருக்கும் அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டினார். அதுவரை இருபது பேர்கூட வந்திருக்கவில்லை. யாரோ அந்தப் பலகையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, ஒரு மணி நேரத்தில் இருநூறு கார்கள். போகாதே என்றால் போகத் தோன்றும் மனித சுபாவம் மேலாளருக்குத் தெரிய நியாயமில்லை. அவர் படித்தது தாவரவியல்.

ரேடியோவின் கைபேசி அடித்தது. தண்ணீர் லாரி ஓட்டும் கணவர்.

"வளைவுல மாட்டிக்கிட்டேன். முன்னால ஒரே காரு. ஹாரன் அடிச்சா சிரிச்சுக்கிட்டே கை காட்டுறாங்க."

"மேல தண்ணி இருக்குதாங்க?"

"அரை மணி நேரத்துக்குத் தாங்குமாம். எட்டுப் பேரு தீயை அணைச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

மேலாளர் மைக்கைப் பிடித்து, "கலைந்து செல்லுங்கள்" என்று மூன்று முறை முழங்கினார். எதையோ மறைக்கிறார்கள் என்று கூட்டம் இன்னும் நெருங்கியது.

"சார், உள்ளதைச் சொல்லிடலாமே."

"பயந்துடுவாங்கம்மா."

"இவங்களா? ஒருத்தர் மடக்கு நாற்காலியோட வந்திருக்காரு சார்."

வாக்கி-டாக்கியில் தீயணைப்பு அதிகாரியிடம் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு அந்த அம்மாள் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தீ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. காத்து நம்மள விட்டு விலகி அடிக்குது. இங்க நின்னா பாதிப் புகைதான் தெரியும். ஏரிக்கரையிலிருந்து முழுசா தெரியும், அங்க ஆபத்து இல்லைன்னு அதிகாரி சொல்றாரு. வாசலுக்கு முன்னாடி இடப்பக்கம் பிரியுற ரோட்டுல இறங்குங்க. அரை மணிக்கு ஒரு தடவை நிலவரம் சொல்றேன், அங்கயும் கேக்கும்."

"நிஜமாவே தெரியுமாக்கா?" என்றார் நாற்காலிக்காரர்.

"சீக்கிரம் போனா முன்வரிசை."

பன்னிரண்டு நிமிடத்தில் சாலை காலி. கூட்டத்தைத் தடுக்க அகல விரித்த கையைக் கீழே போட மறந்து நின்றார் மேலாளர். லாரி வாசலைக் கடக்கும்போது கணவர் தலையை நீட்டினார்.

"எங்க போனாங்க எல்லாரும்?"

"தீ பாக்க."

எட்டுப் பேருக்கும் தண்ணீர் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் தீ அடங்கியது. ‘இப்போதைக்குப் புதிதாக ஒன்றுமில்லை’ என்பதையும் ரேடியோ தவறாமல் நேரம் சொல்லி அறிவித்தார். அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில், கரி படிந்த கழுத்தோடு சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சைத் தொடங்கினார்.

"தீ எப்படிங்க இருந்துச்சு?"

"குழாயைப் பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு. நீ பாத்திருப்பியே?"

"நான் மைக்கை விட்டு நகரல."

ஏரிக்கரையிலிருந்து யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோவை இருவரும் தேடிப் பிடித்தார்கள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். புகைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி மெல்ல ஊர்ந்தது.

"நிறுத்து, நிறுத்து," என்றார் கணவர். "அது நம்ம லாரிதானே?"