பத்தாவது பாட்டில் செத்துப்போன ஹோய்ட்

அமெரிக்காவில், கிழக்குக் கென்டக்கியில் மெல்வின்ஸ் ஃபோர்க் ஊர்ப்பக்கம் ஹோய்ட் டக்கெட்டைத் தெரியாத வீடு கிடையாது. வீடுவீடாகக் கணப்புக்குக் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவரைப் பகைத்துக்கொண்டு அங்கே யாரும் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துவார். எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். அந்தக் குடும்பத்தில் பாட்டு முழுக்க மனைவி வெர்லீனின் இலாகா.

வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூப்பிட்ட இடத்தில் பாடிக்கொண்டிருந்தவள். நாற்பத்தாறாம் வயதில் நாஷ்வில்லில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்கு அவள் தேவைப்பட்டாள். வீட்டில் பதிந்து அனுப்பிய ஒரே ஒரு பாட்டைக் கேட்டு மயங்கி, முதல் ஆல்பம் போடலாம் என்றார்கள். ஹோய்ட் லீவு போட்டுவிட்டுத் தன் பிக்கப் வண்டியில் கூட்டிவந்தார்.

ஒன்பது பாட்டு ஒழுங்காக முடிந்தது; ஹோய்ட் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் யாரென்று யாரும் விசாரிக்கவில்லை. பத்தாவதன்று அவள் ஸ்டுடியோ வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"நீ வண்டியிலேயே இரு ஹோய்ட். உள்ள வந்தா எனக்குக் கை காலெல்லாம் உதறும்."

"ஒம்பது பாட்டுக்கு உதறல, இதுக்கு மட்டும் உதறுமா?"

"உதறும்னா உதறும்."

ஜூலை வெயில். பிக்கப்பில் ஏசி வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் வெந்துவிட்டு, மதியத்துக்குக் கொண்டுவந்த பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டிப் பொட்டலத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டு ஹோய்ட் உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள் தாளில் இசைக்குறிப்பை ஒன்று, நாலு, ஐந்து என்று எண்களாக எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஒலிபெருக்கியில் வெர்லீனின் குரல் வந்தது. ஹோய்ட்டை மேட்டில் புதைத்துவிட்டு வந்தாளாம். வந்து, பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைக் காப்பி போட்டுவிட்டாளாம்.

ஹோய்ட் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்.

பாட்டு முடிந்ததும் தயாரிப்பாளர் ப்ரூவிட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரருக்காக ரொம்ப வருத்தப்படுறேம்மா."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் வெர்லீன்.

வேறு என்ன சொல்வாள்? மெல்வின்ஸ் ஃபோர்க்கில் ஒருவர் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னால் நன்றி சொல்வதுதான் முறை. 'அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார்' என்பது அந்த மனிதரை நடுச்சபையில் முட்டாளாக்குகிற காரியம். அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை அவள்.

வெர்லீனும் வாத்தியக்காரர்களும் பின்னால் வர வெளியே வந்த ப்ரூவிட், கதவருகே புது ஆளைப் பார்த்தார். "ஐயா யாருங்க?"

"இப்ப மேட்டுல வச்சீங்களே, நான்தான்."

ஸ்டீல் கிடார் வாசித்த டாய்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையை ஒன்றும் நடக்காதது மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பிப்ரவரில உனக்கு மாரடைப்பு வந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல எழுதினது," என்றாள் வெர்லீன், தரையைப் பார்த்தபடி. "டாக்டர் கையை விரிச்சுட்டாரு. பாட்டு முடிஞ்சிருச்சு. நீ முடியல."

"கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்ல?"

"நல்லா வந்துருச்சு ஹோய்ட். கிழிச்சுப்போட மனசு வரல."

ப்ரூவிட் வியாபாரத்துக்கு வந்தார். இந்தப் பாட்டு இல்லையென்றால் ஆல்பமே இல்லை, இதைக் கேட்டுத்தான் கம்பெனி தலையாட்டியது. பதிவைத் தொடங்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் செத்தவர் பிஸ்கட் தின்றுகொண்டிருக்க, 'புதைத்துவிட்டு' என்ற இடத்தில் வெர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி எடுத்தார்கள். இந்த முறை டாய்ல் சிரித்தார்.

"பேரை மாத்திரலாமாம்மா? ஃப்ளாய்ட்னு வச்சுக்குவோம். சந்தம் கெடாது."

"ஃப்ளாய்ட் எங்கக்கா புருஷன். அவன் செத்தா எனக்கு இப்படி வராது."

ஹோய்ட் அவளைப் பார்த்தார். இருபத்துச் சொச்சம் வருஷக் கல்யாணத்தில் அவள் வாயிலிருந்து வந்த பாராட்டுகளில் இதற்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இன்னொன்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது," என்று ப்ரூவிட் இழுத்தார். "நீங்க இருக்கிறவரைக்கும் இந்தப் பாட்டு..."

"புரியுது. போயிடுறேன்."

"திரும்பி வருவேல்ல?" என்றாள் வெர்லீன். கேட்டபோதே குரல் கொஞ்சம் பிசகியது. ப்ரூவிட் அதைக் கவனித்துவிட்டு அவசரமாகக் கைகாட்டினார், வாசிக்கச் சொல்லி.

ஹோய்ட் தெருவைக் கடந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது வெர்லீன் பிக்கப்பில் சாய்ந்து நின்றிருந்தாள், மூக்கெல்லாம் சிவந்து.

"ஒரே மூச்சுல முடிஞ்சிருச்சு. டாய்ல் மறுபடியும் அழுதுட்டாரு." கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "வறுத்த கோழி தின்னியா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"செத்தவனுக்கு என்னடி பத்தியம்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். மெல்வின்ஸ் ஃபோர்க் வரைக்கும் அவளே ஓட்டினாள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அவர் மணிக்கட்டில்.