ரோலர் இரும்பில் நாகலெட்சுமி

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்த்தவர் செல்லசாமி. அறுபத்தொன்றாம் ஆண்டு, கொழுந்து உருட்டும் ரோலரின் பெல்ட்டில் சேலை சிக்கி, அங்கேயே வேலைசெய்த அவர் மனைவி நாகலெட்சுமி செத்துப்போனாள். பிறகு அந்த ரோலரைக் கழற்றிப் பின்புறம் போட்டுவிட்டுப் புதியதொன்றைப் பூட்டினார்கள்.

"துருப்பிடிக்கிற சாமான்தானே, எடுங்கோ" என்று, அதைக் கேட்டுவந்த செல்லசாமியிடம் சொன்னார் தொழிற்சாலைப் பொறுப்பாளரான யாழ்ப்பாணத்து டீமேக்கர் ஜெயரத்தினம்.

செல்லசாமி அதன் பல்சக்கரங்களை இணைத்து, தகடுகளைக் காய்ச்சி அடித்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆளுயரப் பெண்ணொருத்தியை நிறுத்தினார். முகம் அப்படியே நாகலெட்சுமி.

"கொன்ன இரும்புலயே அக்காவ செஞ்சிருக்கீங்களேண்ணே" என்று லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த பூரணி அழுதாள்.

"அவ கடைசியாத் தொட்டது அதத்தானேம்மா."

மறுவருஷம் தோட்ட நிர்வாகத்துக்கு வந்த புதுத் துரை பழைய இரும்பையெல்லாம் விற்கச் சொன்னார். சிலையும் தோட்டத்து இரும்புதான் என்றார். எடுக்கச் சொன்ன ஜெயரத்தினமே இரும்புக் கணக்கில் அதையும் எழுதினார். முழுசாக லொறியில் ஏறாது என்று, இரும்பு ஏற்ற வந்த ஒருவன் சம்மட்டியை ஓங்கினான். செல்லசாமி அதைப் பிடித்து வாங்கினார்.

"தள்ளுங்க. அவ மேல வேற கை படவேணாம்."

தோளில் தொடங்கி ஒவ்வொரு ஆணியாகத் தட்டிக் கழற்றினார். முகத்தைக் கடைசியாகக் கழற்றினார். பிறகு அதையும் தானே தூக்கி லொறியில் வைத்துவிட்டு, புது ரோலருக்கு எண்ணெய் போடப் போனார்.